அம்மன் எரித்த ஊரில் என் சட்டை

மதுரைக்குப் போவதற்கு முந்திய கிழமை என் மனைவி எனது வெள்ளைச் சட்டையின் உள்பக்கம் ஒரு பை வைத்துத் தைத்தாள். ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தது நான். அவளால் அது ஏலாது. வலது கண் கலியாணம் முடித்த புதிதில், சூடடிக்கிற களத்தில் நெல் தெறித்துப் பழுதாகிப் போனது. மிஞ்சிய இடது கண்ணிலும் சில வருசமாக வெள்ளை படர்ந்து, கடைசியில் என் முகத்தைக்கூட நிழலாகத்தான் பார்த்தாள். ஆனபடியால் துணியை விரலால் தடவித் தடவித் தைத்தாள். தையல் கோணல். இழுத்துப் பார்த்தேன், பலமாக இருந்தது.

“பாஸ்போட் ரெண்டையும் இதுக்குள்ள வைங்க. அங்க ஆரையும் நம்ப ஏலாது,” என்றாள்.

டவுனில் கண் பார்த்த டொக்டர் நல்ல மனிதர். ஒளிக்காமல் சொன்னார். ஒற்றைக் கண், அதோடு சீனி வருத்தம். சரிவந்தால் பார்வை வரும், பிழைபட்டால் இருக்கிற நிழலும் போய்விடும். இப்படியான கண்களை நிறையச் செய்து பழகிய இடத்துக்குக் கொண்டுபோனால் நல்லது என்றார். எங்கள் பக்கத்தில் கண்ணுக்காக மதுரைக்குப் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். மகள் போனில் பேசி நாள் எடுத்துத் தந்தாள். அவளிடம் கைக்குழந்தை, கூட வர வழியில்லை. நாங்கள் இரண்டு பேரும்தான்.

மதுரை என்றதும் மனைவி பயந்துபோனாள். எனக்கும் பயம்தான். பிளைட் ஏறும் பயமல்ல அது. கடலுக்கு இந்தப் பக்கம், வாவிக்கு மேற்கே கிடக்கிற எங்கள் படுவான்கரையில் வைகாசி பிறந்தால் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறக்கும். வருசத்தில் அந்தச் சடங்கு நாட்கள் மட்டும்தான். பூசை செய்கிற கட்டாடியார் அம்மனுடைய கதையைப் படிக்க, ஊரே இருந்து கேட்கும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். ஆனால் அந்தக் கதையைக் கேட்காத வருசம் எனக்கு இல்லை. அம்மனுடைய புருசனைக் கள்ளன் என்று சொல்லி, விசாரியாமல் கொன்ற ஊர் மதுரை. அந்த அநியாயத்துக்காக அம்மன் அந்த ஊரை எரித்தாள். எரித்தும் கோபம் ஆறவில்லை. சடங்கின் கடைசி நாளில் குளிர்த்தி பாடி அவளைக் குளிரப்பண்ணுவது எங்கள் கடமை. பாடி முடிய, வேப்பிலையைத் தண்ணீரில் தோய்த்துச் சனத்தின் மேல் தெளிப்பார்கள். மிஞ்சும் தண்ணீரைப் போத்தலில் எடுத்துவந்து சாமி அறையில் வைத்திருப்போம். வீட்டில் ஆருக்கு என்ன வருத்தம் வந்தாலும் முதலில் அதுதான்.

எனக்குத் தெரிந்த மதுரை அந்த மதுரை ஒன்றுதான். விசாரியாமல் கொல்லுகிற ஊர்.

வழியனுப்ப வந்த மனைவியின் தம்பி பகிடி விட்டான். “மச்சான், அங்க போய் நாங்க எந்த அம்மாள்ற ஆக்கள் எண்டு மட்டும் சொல்லிராதீங்க. பழைய வழக்கைத் திரும்ப எடுத்துருவானுகள்.”

எல்லாரும் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. “எரிஞ்ச ஊர்லயா என்ட கண்ணக் குடுக்கப் போறன்,” என்று மெல்லமாகச் சொன்னாள். பிறகு எழுந்து போய் குளிர்த்தித் தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

மதுரையில் இறங்கியதும் நான் நினைத்ததைவிடப் பயமாக இருந்தது. பாசை தெரியாத ஊர் என்றால் ஒதுங்கி நிற்கலாம். அங்கே எங்கும் தமிழ். கடைப் பலகையில் தமிழ், சண்டையில் தமிழ், கோயில் ஒலிபெருக்கியில் தமிழ். ஆனாலும் நான் வாய் திறந்து ஒரு சொல் சொன்னதும் எதிரில் நிற்பவர் திரும்பிப் பார்த்து, “சிலோனா?” என்று கேட்டார். ஓட்டோக்காரர் கேட்டார், சாப்பாட்டுக் கடையில் இலை போட்டவர் கேட்டார். இவர்கள் ஏன் கேட்கிறார்கள், தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் என் கை சட்டைக்கு மேலால் உள்பையைத் தடவிப் பார்க்கும்.

நாங்கள் நின்ற லொட்ஜின் முதலாளி பிரதி எடுக்கவென்று கடவுச்சீட்டுகளை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“என்னய்யா, முழுங்கிருவேன்னு பயமா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் அவர் கையிலிருந்து இரண்டையும் வாங்கி உள்பைக்குள் வைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை ஆசுபத்திரியில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். மனைவி போத்தலை எடுத்து அங்கிருந்த நர்ஸ் பிள்ளையிடம் நீட்டி, “இது அம்மாள்ற தண்ணி மகள். ஒப்பரேசனுக்கு முதல் கண்ணுக்குள்ள ரெண்டு சொட்டு விடட்டா?” என்று கேட்டாள்.

“அச்சச்சோ, கண்ணுல எதுவும் படக்கூடாதும்மா. எந்தச் சாமி தண்ணியும் கூடாது. நெத்தில வேணா தொட்டு வச்சுக்கங்க,” என்றது அந்தப் பிள்ளை. பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னது: சீனி இன்றைக்குத்தான் இறங்கி நிற்கிறது, நாளைக்கே செய்வது நல்லது. காலை ஒன்பது மணிக்குள் வந்துவிட வேண்டும். வெளிநாட்டு ஆட்களைக் கடவுச்சீட்டு இல்லாமல் சேர்க்க ஏலாது, மறந்துவிட வேண்டாம்.

இரவு முழுக்க அவள் புரண்டுகொண்டிருந்தாள். விடியக்காலை என்னைத் தட்டினாள். “இஞ்சே, பக்கத்தில மணிச் சத்தம் கேக்குது. கோயிலடிக்குப் போயிட்டு வாங்க. ஆர் கோயில் எண்டாலும் பரவால்ல. என்ட கண்ணச் சொல்லிக் கும்பிடுங்க.”

குளித்து, வேட்டி கட்டி, அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டேன். கடவுச்சீட்டுகளை அறையில் விட மனமில்லை. லொட்ஜ்காரரிடம் அறைப் பூட்டுக்கு இன்னொரு திறப்பு இருக்கும் அல்லவா?

இரண்டு தெரு தள்ளிச் சின்னதாக ஒரு அம்மன் கோயில். வாசலில் ஒரு வேம்பு, அதன் கீழே ஒரு பூக்காரப் பெண். வாசற்படிக்கு இடப்பக்கம் தனியாகச் சனீஸ்வரனுக்கு ஒரு சின்ன மாடம். அன்றைக்குச் சனிக்கிழமை, எள்ளு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நான் செருப்பைக் கழற்றி மாடத்தின் ஓரமாக விட்டேன். சட்டையைக் கழற்றி மடித்துச் செருப்புக்குப் பக்கத்துப் படியில் வைத்தேன். உள்ளே போனேன்.

எங்கள் ஊரில் ஆம்பிளைகள் சட்டையோடு கோயிலுக்குள் போவதில்லை. சைக்கிள் கைபிடியிலோ செருப்புக்குப் பக்கத்திலோ போட்டுவிட்டுப் போவோம். திரும்பி வரும்போது போட்ட இடத்தில் இருக்கும். நடக்கத் தொடங்கின நாளிலிருந்து அப்படித்தான். அதற்கு யோசனை எதுவும் தேவையில்லை. கோயில் வாசலைக் கண்டால் கை தன்பாட்டில் பொத்தானைக் கழற்றும்.

உள்ளே எல்லாரும் சட்டையோடு நின்றார்கள். அம்மனுக்கு முன்னால் இப்படியா நிற்பது, என்ன சனமோ என்று ஒரு நினைப்பு ஓடியது. பிறகு அந்த நினைப்பையும் விட்டுவிட்டு அழுதேன். தாயே, உனக்கும் இந்த ஊருக்கும் இருக்கிற கணக்கை அவளுடைய கண்ணில் வைக்காதே என்றுதான் கேட்டேன். அங்கே இருந்தது எங்கள் அம்மன்தானா, வேறு அம்மனா என்றுகூட எனக்குத் தெரியாது. மூன்று தரம் சுற்றி, திருநீறு வாங்கி வெளியே வந்தேன்.

செருப்பு இருந்தது. சட்டை இல்லை.

முதலில் விளங்கவில்லை. படியைப் பார்த்தேன், மாடத்தின் பின்னால் பார்த்தேன், வேம்பின் மறுபக்கம் போய்ப் பார்த்தேன். பிறகு கை நெஞ்சுக்குப் போனது. உள்பையைத் தடவப் போன கை வெறும் தோலில் பட்டது. அப்போதுதான் விளங்கியது. ஒருத்தரையும் நம்பாமல், இரவில்கூடத் தலையணைக்குக் கீழே வைத்துக் காத்த பொருளை நானே கழற்றித் தெருவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். அதுவும் இந்த ஊரில். அறையில் அவள் மிஞ்சிய ஒற்றைக் கண்ணோடு எனக்காகக் காத்திருக்கிறாள். ஒன்பது மணிக்குள் போக வேண்டும்.

தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினேன். போகிற வருகிற ஒவ்வொருவனின் கையையும் பார்த்தேன். எல்லாரும் எனக்குக் கள்ளர்களாகத் தெரிந்தார்கள். தேத்தண்ணிக் கடையில் நின்ற ஒருவர் என் வெற்று மேலையும் திருநீற்றையும் பார்த்துவிட்டு, “சாமி, இந்தாங்க,” என்று தாளில் ஒரு வடையை வைத்து நீட்டினார். பசியில் ஓடுகிறேன் என்று நினைத்திருப்பார். வடையைக் கையில் வைத்துக்கொண்டே திரும்ப ஓடி வந்தேன்.

பூக்காரப் பெண் தொடுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “என்னய்யா தேடுறீக?”

“என்ட சேட்டு. இதில வச்சனான். ஆரோ எடுத்துட்டானுகள்.”

“சட்டையா? சனி பகவான் பக்கத்துல மடிச்சு வச்சீகளே, அதுவா?” அவள் கண்ணை அகட்டினாள். “அது நீங்க கழிச்சுப் போட்ட துணி இல்லையா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள்தான் சொன்னாள். அங்கே சனிக்கிழமைகளில் தோசம் பிடித்தவர்கள் உடுத்த துணியை அந்த மாடத்தடியில் கழற்றி விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போவார்களாம். அந்தத் துணியை ஒருவரும் தொட மாட்டார்களாம். கூட்டுகிறவர் வந்து குப்பையோடு அள்ளிக்கொண்டு போவாராம்.

“நீங்க உள்ள அழுதுகிட்டு நின்னீக. பெரிய தோசம் போலன்னு நெனச்சேன். அதுல என்ன இருந்துச்சு?”

“பாஸ்போட். என்ட, பெண்சாதிட. இண்டைக்கு அவவுக்குக் கண் ஒப்பரேசன். ஒத்தக் கண்தான் இருக்கு.”

அவள் மடியில் கிடந்த பூவை அப்படியே கூடையில் போட்டாள். பக்கத்தில் தேங்காய் விற்றவரிடம், “அண்ணே, கடையப் பாத்துக்கங்க,” என்றாள். “வாங்கய்யா, வெரசா வாங்க. வண்டி இப்பத்தான் போச்சு. வண்டி நெறஞ்சா லாரியில கொட்டிருவாக.”

அவள் முன்னால், நான் பின்னால். சந்துக்குள் சந்தாக நுழைந்து போனாள். எனக்கு அப்போதும் சந்தேகம் தீரவில்லை. இவள் எங்கே கூட்டிக்கொண்டு போகிறாள், இவளும் ஒரு கூட்டாளியோ என்று மனம் கேட்டது. கேட்டுக்கொண்டே ஓடினேன். அவளோ ஓட்டத்திலும் வாயை மூடவில்லை.

“ஏன்யா, ஒங்க ஊருல சட்டையில்லாமத்தான் சாமி கும்பிடுவீகளா?”

“ஓம். ஆம்பிளையள் எல்லாரும்.”

“அப்ப வாசல்ல அம்புட்டுச் சட்டையும் கெடக்குமே. மாறிப் போகாது?”

“மாறினா அடுத்த நாள் கொண்டு வந்து தருவாங்க.”

“நல்ல ஊருதான் போங்க,” என்றாள்.

பெரிய தெருவில் லொறி நின்றது. தள்ளுவண்டிக்காரர் தன் வண்டியை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டிருந்தார். பூக்காரி தூரத்திலிருந்தே கத்தினாள். “மாமா, கொட்டாதீக. சனியன் துணி இந்த அய்யாவோடது.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “கழிச்சுப்புட்டுத் திரும்பி வந்து கேக்குற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

“கழிக்கலையாம் மாமா. சிலோன்காரக. அவுக ஊருப் பழக்கமாம்.”

“எனக்கென்ன தெரியும்? நான் கையால தொடல. குச்சியாலதான் தள்ளுனேன். தொட்டா நமக்குல்ல ஒட்டிக்கிரும்.” வாடின மாலைகளுக்கும் எச்சில் தொன்னைகளுக்கும் கீழே அவர் குச்சியை விட்டுக் கிளறினார். நானும் வண்டிக்குள் குனிந்து பார்த்தேன். ஒரு தரம் கிளறினார், வாழைமட்டை வந்தது. இன்னொரு தரம் விட்டார், குச்சியின் நுனியில் என் வெள்ளைச் சட்டை தொங்கிக்கொண்டு வந்தது.

பறித்து நெஞ்சோடு பிடித்தேன். உள்பை தடிப்பாக இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், இரண்டும் இருந்தன. மனைவி கண் தெரியாமல் போட்ட கோணல் தையல் ஒரு இழைகூட விடவில்லை.

அவர்களில் ஒருவரும் அந்தப் பைக்குள் கை விட்டிருக்கவில்லை. என் பாவம் தங்களில் ஒட்டிவிடும் என்று பயந்திருக்கிறார்கள். நான் அவர்களுக்குப் பயந்து நடந்த அதே தெருவில் அவர்கள் எனக்குப் பயந்திருக்கிறார்கள்.

வேட்டி மடிப்பில் வைத்திருந்த காசை எடுத்து நீட்டினேன். தள்ளுவண்டிக்காரர் பின்வாங்கினார். “அந்தச் சட்டையத் தொட்ட கையால வேணாம்யா. ஒங்க ஊருல வேணா அது சட்டையா இருக்கலாம்.” பூக்காரியும் வாங்கவில்லை. “அந்தம்மாவுக்குக் கண்ணு நல்லானதும் கூட்டிட்டு வாங்க. எங்கிட்டப் பூ வாங்கணும்,” என்றாள். என் கையில் நசிந்துபோயிருந்த வடையைப் பார்த்துவிட்டு, “இத யாரு குடுத்தா? தின்னுட்டுப் போங்க, மயக்கம் போட்டு விழுந்துறாதீக,” என்றாள்.

சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு லொட்ஜுக்கு ஓடினேன்.

“என்ன இவ்வளவு சுணங்கிட்டீங்க?” மனைவி கட்டில் விளிம்பில் தயாராக இருந்தாள்.

“சனம் கூடிப்போச்சு.”

“உங்களில பூ மணக்குது.”

“கோயில்தானே.”

அதற்கு மேல் சொல்லவில்லை. பயந்தால் அவளுக்குச் சீனி ஏறும். ஆசுபத்திரியில் பதிகிற மேசையில் கடவுச்சீட்டைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஒரு செவ்வந்தி இதழ் விழுந்தது. அங்கிருந்த பெண் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றித் தன் மேசைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தாள். அது எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை.

அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வரிசையாகக் கதிரைகள். எந்தெந்த ஊர்ச் சனமோ, எல்லாரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாரும் எழும்புவோம், ஒருவர் போவார், மற்றவர்கள் இருப்போம். பக்கத்தில் இருந்த கிழவர் தன் மகனுக்கு என்றார். நான் என் மனைவிக்கு என்றேன். அவர், “சிலோனா?” என்று கேட்டார். இந்தத் தரம் ஓம் என்று சொன்னேன், கை உள்பைக்குப் போகவில்லை. கடவுச்சீட்டு மேசையில் இருந்தது என்பதாலும் இருக்கலாம்.

அன்றிரவு லொட்ஜுக்குப் போகாமல் அங்கேயே இருந்தேன். அடுத்த நாள் காலை கட்டு அவிழ்த்தார்கள். டொக்டர் அம்மா விரலைக் காட்டி, “எத்தனை?” என்றார். மனைவி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். கண்ணைச் சிமிட்டினாள், தண்ணீர் வழிந்தது. திரும்பவும் கேட்டார். அவள் மறுபடியும் சிமிட்டினாள். எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்க ஏலவில்லை. யன்னல் பக்கம் திரும்பி, தாயே, கணக்கைத் தீர்த்துவிட்டாயா என்று மனதுக்குள் கேட்டேன்.

“இஞ்சே,” என்றாள் மனைவி பின்னாலிருந்து. “முதுகில என்ன மஞ்சள்?”

நான் அசையவில்லை.

“வெள்ளைச் சேட்டில மஞ்சள் கறை. வட்டமா. எங்க போய்ச் சாஞ்சீங்க?”

டொக்டர் அம்மா விரலை மடக்கிக்கொண்டு சிரித்தார். வாடின செவ்வந்தி மாலை ஊறி என் முதுகில் கறை போட்டிருந்ததை நான் அறியவில்லை. யன்னலடிக் கதிரையில் இருந்தேன். நடந்ததை அப்போதுதான் சொன்னேன். கண் கிடைத்த சந்தோசத்தை அவள் காட்டவேயில்லை. கோபம்தான் வந்தது. “பாஸ்போட்டோடயா கழட்டினீங்க? நான் என்னத்துக்குப் பை தைச்சன்?” என்று ஆசுபத்திரி நடை முழுக்க ஏசிக்கொண்டே வந்தாள். ஏசும்போது கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஊருக்குத் திரும்ப முதல் அந்த வேம்படிக்குப் போனோம். பூக்காரி எழுந்து வந்து மனைவியின் கையைப் பிடித்தாள். மனைவி பையிலிருந்து குளிர்த்தித் தண்ணீர்ப் போத்தலை எடுத்து, வேப்பங்கொத்து ஒன்றை ஒடித்துத் தரச் சொன்னாள். அதை நனைத்துப் பூக்காரியின் தலையில் தெளித்தாள்.

“இது என்னம்மா தீர்த்தம்?”

“எங்கட அம்மாள்ற தண்ணி. கோவம் ஆற்றுற தண்ணி.”

“ஆரு மேல கோவம்?”

மனைவி என்னைப் பார்த்தாள். அவளுடைய தம்பி சொன்ன பகிடி எனக்கு நினைவு வந்தது. அவளே சொன்னாள். “இந்த ஊரில. எரிச்சவ அல்லவா.”

பூக்காரி கொஞ்சம் யோசித்தாள். “ஆத்தாடி. எரிச்சும் இம்புட்டுப் பேரு இருக்கோமே,” என்றாள். பிறகு தலையைக் குனிந்து, “நல்லாத் தெளிங்கம்மா. அந்தத் தேங்காக்கார அண்ணன் மேலயும் ரெண்டு சொட்டு,” என்றாள்.

இந்த வைகாசியில் எங்கள் கோயில் கதவு திறந்தது. இப்போது மனைவிக்குக் கட்டாடியாரின் முகம் தெரிகிறது, அம்மனின் முகமும் தெரிகிறது. ஆறு மாதத்துக்கு ஒருதரம் கண்ணைக் காட்ட வேண்டும், சீனியைக் கூடவிடக் கூடாது. அந்தப் பயம் எங்களை விட்டுப் போகவில்லை. வழமைபோல நான் சட்டையைக் கழற்றிச் சைக்கிளில் போட்டேன். உள்பை வெறுமையாகத்தான் இருந்தது. ஆனாலும் போகும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன்.

கதை நெருப்பு மூட்டுகிற இடத்துக்கு வந்தது. இத்தனை வருசமும் அந்த இடத்தில் எனக்கு மயிர் கூச்செறியும், எரிய வேண்டிய ஊர்தான் என்று மனம் சொல்லும். இந்தத் தரம் எனக்கு நெஞ்சு பதைக்கத் தொடங்கியது. அந்தச் சந்துகள் ஒடுக்கம். லொறி நிற்கிற தெருவுக்குப் போவதென்றால் இரண்டு முடக்குத் திரும்ப வேண்டும். கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் எந்தப் பக்கத்தால் ஓடுவாள்? குச்சியோடு வண்டி தள்ளுகிற மனிதர்? வடை தந்தவர்?

பெண்கள் பக்கம் பார்த்தேன். மனைவி இரண்டு கையையும் இறுகக் கூப்பிக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது. வீட்டுக்கு வரும் வழியில் என்ன கேட்டாய் என்றேன்.

“சுறுக்காக் குளிர்த்தியப் பாடச் சொல்லிக் கேட்டன்,” என்றாள்.